கொய்யாவின் தோலைச் சீவாதீர்கள்

அடுப்படித் தபால்

சென்ற இதழில், ஓட்ஸும் பழமும் சேர்த்து அவன் அடுப்பில் சுடும் காலை உணவு பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். ஏற்காட்டில் ஒரு பள்ளி விடுதியின் சமையலறைப் பொறுப்பை 19 ஆண்டுகள் பார்த்தேன். அந்த நாட்களில் வாரம் இரண்டு காலை பிள்ளைகளுக்கு இதைத்தான் செய்து கொடுத்தோம். அவர்கள் அதற்கு வைத்த பெயர் 'காலைக் கேக்'. இன்று கன்னங்குறிச்சியில் என் வீட்டு அடுப்படியிலும் அதே பெயர்தான்.

வந்திருக்கும் கடிதங்களில் பாதிக்கு மேல் வயிற்றைப் பற்றியவை. மலச்சிக்கலைப் பற்றி மனம் திறந்து எழுதியிருக்கிறீர்கள். வீட்டாரிடம் கூடச் சொல்லாமல் ஆண்டுக் கணக்கில் சகித்துக்கொள்கிறவர்கள் நம்மில் அதிகம். ஆகவே, சமையல் கேள்விகளுக்கும் வயிற்றுக் கேள்விகளுக்கும் சேர்த்தே இந்த முறை பதில் எழுதுகிறேன்.

வாசகி, அம்மாபேட்டை: சென்ற இதழ் கைக்குக் கிடைக்கவில்லை அம்மா. பக்கத்து வீட்டில் சொன்ன அளவை வைத்துச் செய்தேன். களி மாதிரி வந்தது. அளவையும் செய்முறையையும் மறுபடி சொல்ல முடியுமா?

களியாகப் போனதற்குக் காரணம் பெரும்பாலும் நீங்கள் வாங்கிய ஓட்ஸாகத்தான் இருக்கும். கடையில் இன்ஸ்டன்ட் ஓட்ஸ் என்று விற்பது மெல்லியதாக நசுக்கி முன்பே வேக வைத்தது. பாலைக் கண்டதும் கரைந்துவிடும். நமக்கு வேண்டியது ரோல்டு ஓட்ஸ். கையில் எடுத்துப் பார்த்தால் கெட்டி அவல் போல ஒவ்வொன்றும் முழுத் தட்டையாக இருக்க வேண்டும். ஸ்டீல் கட் ஓட்ஸ் என்று நொய் போல இருப்பதை வாங்கிவிட்டீர்கள் என்றால், அது இந்த நேரத்துக்குள் வேகாது. கஞ்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு பேருக்கு 150 கிராம் ஓட்ஸ், 350 மில்லி பால். நன்றாகப் பழுத்த பூவன் பழம் மூன்று. நடுத்தரக் கொய்யா ஒன்று, 150 கிராம் இருக்கட்டும். கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் நான்கு. வறுத்துப் பொடித்த ஆளிவிதை இரண்டு மேசைக்கரண்டி, வறுத்து ஒன்றிரண்டாக உடைத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி. பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, பட்டைத் தூள் அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. முட்டை சாப்பிடுகிறவர்கள் ஒன்று சேர்க்கலாம், துண்டு போடும்போது உதிராமல் நிற்கும். சாப்பிடாதவர்களுக்கு ஆளிவிதைப் பொடியே போதும். ஆறு மேசைக்கரண்டித் தண்ணீரில் கலந்து பத்து நிமிடம் வைத்தால் முட்டை வெள்ளை போலக் கொழகொழப்பாகிவிடும். சர்க்கரை சேர்ப்பதில்லை. பூவனும் பேரீச்சையும் தரும் இனிப்பே போதும்.

வாழைப்பழத்தை மசித்துப் பாலில் கரைத்து, பேரீச்சையைப் பொடியாக நறுக்கிப் போட்டு, ஓட்ஸைக் கொட்டிக் கிளறி 20 நிமிடம் மூடி வையுங்கள். இந்த 20 நிமிடத்தை மட்டும் யாரும் குறைக்காதீர்கள். மூடியைத் திறந்து கரண்டியால் ஒருமுறை புரட்டினால், பால் பாலாக இல்லாமல் சற்றுக் கெட்டிப்பட்டு, கரண்டியின் முதுகில் படலமாக ஒட்டும். விரலால் தொட்டுப் பார்த்தால் வெண்டைக்காய்ச் சாறு போல வழுவழுப்பு தெரியும். அந்த வழுவழுப்புதான் பீட்டா குளுக்கான் என்ற கரையும் நார்ச்சத்து. ஓட்ஸின் பெருமை எல்லாம் அதில்தான் இருக்கிறது. அது ஊறிய பிறகு கடைசியாக ஆளிவிதை, முட்டை சேர்ப்பதானால் அது, பேக்கிங் பவுடர், பட்டை, உப்பு, நிலக்கடலை எல்லாவற்றையும் சேருங்கள். முன்பே பேக்கிங் பவுடர் போட்டுவிட்டால் அதன் வேகம் ஊறும் நேரத்திலேயே அடங்கிவிடும்.

நெய் தடவிய தட்டில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு ஊற்றி, கொய்யாவைத் தோலோடு மெல்லிய துண்டுகளாக்கி மேலே பரப்புங்கள். 180 டிகிரிக்கு முன்பே சூடாக்கிய அவனில் 35 முதல் 40 நிமிடம். ஓரம் பொன்னிறமாகித் தட்டை விட்டு விலக வேண்டும். நடுவில் அழுத்தினால் விரல் புதையக் கூடாது. வெளியே எடுத்துப் பத்து நிமிடம் ஆற விட்டபின் துண்டு போடுங்கள். சூட்டிலேயே வெட்டினால் அதுவும் களியாகத்தான் தெரியும்.

இதில் ஒருவர் பங்கில் ஏறக்குறைய 9 கிராம் நார்ச்சத்து இருக்கும். வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதல். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலையிலேயே வந்துவிடுகிறது.

வாசகர், நாகலூர்: சேலத்தில் என் மகள் வீட்டில் இதே அளவில் செய்தால் அருமையாக வருகிறது. மலை மேலே எங்கள் வீட்டில் செய்தால் முதலில் புஸ்ஸென்று எழும்பி, பிறகு நடுவில் குழி விழுந்துவிடுகிறது. மேல்பகுதி வறட்டி போல் காய்கிறது. அவனில் கோளாறா?

அவனில் கோளாறு இல்லை ஐயா. காற்றுதான் காரணம். சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குள் இருக்கிறது. 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வந்தால் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. தண்ணீர் 100 டிகிரிக்குப் பதிலாக 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். உங்கள் வீட்டில் துவரம்பருப்பு குக்கர் இல்லாமல் வேக எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். அதே கதைதான் இங்கேயும்.

பேக்கிங் பவுடர் உண்டாக்கும் வாயுவை அழுத்திப் பிடிக்க மேலே காற்றுக்குப் பலம் இல்லை. ஆகவே குமிழ்கள் தாராளமாகப் பெருகுகின்றன. மாவு வெந்து இறுகுவதற்கு முன்பே எழும்பி, தாங்க முடியாமல் உட்கார்ந்துவிடுகிறது. ஈரமும் சீக்கிரம் ஆவியாகிவிடுவதால் மேல்பகுதி காய்கிறது.

விடுதியில் சேர்ந்த புதிதில் நானும் இந்தக் குழியைப் பார்த்திருக்கிறேன். பேக்கிங் பவுடர் பழசாகிவிட்டது என்று எண்ணி இன்னும் கொஞ்சம் கூட்டினேன். குழி இன்னும் ஆழமானது. குறைக்க வேண்டும் என்பது பல தட்டுகளுக்குப் பிறகுதான் பிடிபட்டது. நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: பேக்கிங் பவுடரை ஒரு தேக்கரண்டியிலிருந்து முக்கால் தேக்கரண்டியாக்குங்கள். பாலை மூன்று மேசைக்கரண்டி கூட்டுங்கள். அவனை 190 டிகிரியில் வையுங்கள், மாவு சீக்கிரம் இறுகிக் குமிழைப் பிடித்துக்கொள்ளும். 30ஆவது நிமிடத்திலேயே ஒருமுறை திறந்து பாருங்கள். மேல்பகுதி நிறம் மாறத் தொடங்கியதும் ஒரு அலுமினியத் தாளைத் தளர்வாகப் போர்த்திவிட்டால் காயாது.

மார்கழி, தை மாதங்களில் உங்கள் பக்கம் பால் வெளியில் வைத்தாலே ஐஸ் போல இருக்கும். அதை அப்படியே ஊற்றினால் 20 நிமிடத்தில் ஓட்ஸ் சரியாக ஊறாது. கை பொறுக்கும் சூட்டுக்குக் காய்ச்சி ஊற்றுங்கள். பனி இறங்கும் நாட்களில் ஓட்ஸ் டப்பாவை இறுக மூடி வைக்கவும் மறக்க வேண்டாம். மேகம் சமையலறைக்குள்ளேயே வரும் ஊர் உங்களுடையது.

வாசகி, குகை: எங்கள் வீட்டில் அவன் இல்லை. குக்கரில் செய்யலாமா?

செய்யலாம். ஆனால் தினமும் பருப்பு வேக வைக்கும் பிரஷர் குக்கரைத் தண்ணீர் இல்லாமல் காய வைப்பதை நான் ஆதரிப்பதில்லை. அடியும் கெடும், ரப்பர் வளையமும் வால்வும் பாழாகும். வீட்டில் பழைய கனமான இரும்பு வாணலியோ அடி கனத்த பாத்திரமோ இருந்தால், அடியில் இரண்டு டம்ளர் கல்லுப்பைப் பரப்பி, அதன் மேல் ஒரு தாங்கி வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடாக்குங்கள். பிறகு தட்டை உள்ளே வைத்து, சிறு தீயில் 45 நிமிடம். மேலே பொன்னிறம் வராது, ருசியில் குறை இருக்காது. அந்த உப்பை ஆற வைத்து டப்பாவில் போட்டு அடுத்த முறைக்கும் வைத்துக்கொள்ளலாம்.

இட்லிப் பானையில் ஆவியில் வேக வைத்தும் எடுக்கலாம். அது புட்டுக்கும் கேக்குக்கும் நடுவில் ஒன்றாக வரும். பல் இல்லாத பெரியவர்களுக்கு அதுதான் சுகம்.

வாசகர், கொண்டலாம்பட்டி: நல்லது என்று சொன்னீர்கள். மூன்று நாள் தொடர்ந்து சாப்பிட்டேன். வயிறு மத்தளம் போல உப்பிவிட்டது. மலச்சிக்கலும் அதிகமானது. எனக்கு ஒத்துக்கொள்ளாதா?

தம்பி, இந்தக் கடிதத்துக்காகத்தான் இந்த மாதம் இத்தனை பக்கம் கேட்டு வாங்கினேன். சென்ற முறை இதை எழுதாமல் விட்டது என் தவறு.

ஒவ்வொரு ஜூன் மாதமும் விடுதிக்குப் புதுப் பிள்ளைகள் வருவார்கள். வீட்டை விட்டு வந்த ஏக்கம், குளிர், பழகாத கழிப்பறை. நான்கைந்து நாள் போகாமலேயே அடக்கிக்கொள்வார்கள். வாயால் சொல்ல மாட்டார்கள். சாப்பாட்டுத் தட்டில் மீதி வைப்பதைப் பார்த்துத்தான் நாங்கள் கண்டுகொள்வோம். ஒரு வருடம், சீக்கிரம் சரியாகட்டும் என்று முதல் வாரத்திலேயே காலைக் கேக்கைப் பெரிய துண்டாகப் போட்டு, மதியம் கீரையும் சுண்டலும் கொடுத்தேன். மறுநாள் சாயங்காலம் நோயறை முழுவதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள். ஒரு சின்னப் பெண் சுவரோரம் முழங்காலை மடக்கிக்கொண்டு படுத்திருந்தாள். அவள் வயிற்றில் கை வைத்தபோது தோல் பறையைப் போல விறைத்திருந்தது என் கைக்கு இன்றும் தெரிகிறது. எங்கள் செவிலியர் அம்மா வந்து பார்த்துவிட்டு, "நார்ச்சத்து கொடுத்தது சரி, தண்ணீர் எங்கே?" என்று மட்டும் கேட்டார். அந்தக் குளிரில் பிள்ளைகள் தண்ணீரைத் தொடவே இல்லை.

நடப்பது இதுதான். நார்ச்சத்தை நம் சிறுகுடல் செரிப்பதில்லை. அது அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே இருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்களுக்கு அதுதான் உணவு. அவை அதை நொதிக்க வைத்துச் சில கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. அவற்றில் பியூட்டிரேட் என்ற ஒன்று, பெருங்குடலின் உள்சுவரில் இருக்கும் செல்களுக்கே எரிபொருள். 'வயிற்றுக்கு நல்லது' என்று சொல்வதன் உள்ளர்த்தம் இது. நொதிக்கும்போது வாயுவும் வரத்தான் செய்யும். இட்லி மாவு பொங்குவதைப் பார்க்கிறோமே, அதே வேலைதான் உள்ளே நடக்கிறது. நாள்தோறும் குறைவாக நார் பார்த்த குடலுக்கு ஒரே நாளில் மும்மடங்கு கொடுத்தால் வாயு மிஞ்சிவிடும். சிறிது சிறிதாகக் கூட்டினால் குடல் பழகிக்கொள்ளும். நார் தண்ணீரை இழுத்துக்கொள்ளும் பொருள் என்பதால், தண்ணீர் குடிக்காமல் நாரை மட்டும் கூட்டினால் மலம் இன்னும் இறுகும். உங்களுக்கு மலச்சிக்கல் அதிகமானதற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

ஒரு வாரம் நிறுத்துங்கள். பிறகு இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள். வயிறு சொல்பேச்சுக் கேட்டால் அடுத்த வாரம் தினமும் அதே துண்டு. மூன்றாவது வாரம் அதைப் பெரிதாக்குங்கள். ஒவ்வொரு துண்டோடும் ஒரு பெரிய டம்ளர் வெந்நீர், நாள் முழுவதும் வழக்கத்தைவிட இரண்டு டம்ளர் கூடுதல். நீங்கள் தறிப்பட்டறையில் வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். சிறுநீர் கழிக்கப் போக வேண்டுமே என்று தண்ணீரைக் குறைக்கும் பழக்கம் இருந்தால் அதை முதலில் விடுங்கள்.

அப்படியும் உப்பினால் பழத்தை மாற்றிப் பாருங்கள். மாம்பழமும் பேரிக்காயும் சிலருக்கு வாயுவைக் கூட்டும். பப்பாளி, கமலா ஆரஞ்சு பலருக்கு இதமாக இருக்கும். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, இரவில் எழுப்பும் வலி, இவற்றில் எது இருந்தாலும் சமையல் பக்கத்தை மூடி வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

வாசகி, செவ்வாய்ப்பேட்டை: ஓட்ஸுக்குப் பதில் ஜவ்வரிசியில் செய்யலாமா? நம் ஊர்ப் பொருள் ஆயிற்றே.

சேலம் ஜவ்வரிசி புவிசார் குறியீடு பெற்றது. எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் மரவள்ளிக் கிழங்கின் பாலை வடித்து, சக்கையை ஒதுக்கிவிட்டுச் செய்வதுதான் ஜவ்வரிசி. நார் முழுவதும் அந்தச் சக்கையோடு போய்விடுகிறது. மிஞ்சுவது சுத்தமான மாவுச்சத்து. வயிற்றுப்போக்கு வந்து ஓய்ந்திருக்கும் உடம்புக்கு ஜவ்வரிசிக் கஞ்சி ஆறுதல். மலச்சிக்கலுக்கு அது மருந்தல்ல.

வாசகர், அஸ்தம்பட்டி: எனக்கு வயது 71. ஓட்ஸ் நம் மண்ணில் விளைந்ததா? சாமையும் தினையும் தின்று வளர்ந்தவர்கள் நாம். வெளியூர்த் தானியத்தை ஏன் பரப்புகிறீர்கள்?

ஐயா, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஓட்ஸ் நம் மலையில் விளைவதில்லை. சேர்வராயன் மலையின் கிராமங்களில் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்தார்கள். ஏற்காட்டின் அடையாளமாகிவிட்ட காப்பிகூட 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்தது என்பார்கள். வந்ததில் நல்லதை வைத்துக்கொண்டோம்.

ஓட்ஸை நான் விடாததற்குக் காரணம் அந்த வழுவழுப்பு. பீட்டா குளுக்கான் ஓட்ஸிலும் பார்லியிலும் மிகுதி, சிறுதானியங்களில் அந்த அளவுக்கு இல்லை. ஒரு நாளைக்கு 3 கிராம் பீட்டா குளுக்கான் ரத்தத்தின் கெட்ட கொழுப்பைக் குறைக்க உதவுகிறது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997இலேயே ஏற்றுக்கொண்டது. நான் சொன்ன அளவில் ஒரு பங்கில் ஒன்றரை கிராம் இருக்கிறது.

கேழ்வரகிலும் 100 கிராமுக்கு சுமார் 11 கிராம் நார் உண்டு. அது பெரும்பாலும் கரையாத நார், மலத்துக்குப் பருமன் கொடுப்பது. இரண்டும் வெவ்வேறு வேலை செய்கின்றன. ஆகவே இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: 100 கிராம் ஓட்ஸ், 50 கிராம் சாமை அவல். அல்லது ஓட்ஸில் இரண்டு மேசைக்கரண்டி வறுத்த கேழ்வரகு மாவு. மாவு சேர்த்தால் பாலை 50 மில்லி கூட்டுங்கள். கேழ்வரகின் வறுத்த வாசமும் கொய்யாவின் வாசமும் சேர்ந்து வரும்போது உங்கள் மனக்குறை கொஞ்சம் தீரும் என்று நம்புகிறேன்.

வாசகி, ஓமலூர்: என்னென்ன பழம் போடலாம்? பப்பாளி போட்டேன். கசந்து, தண்ணீராகப் பிரிந்துவிட்டது.

பச்சைப் பப்பாளியிலும் பழுத்த பப்பாளியிலும் புரதத்தை உடைக்கும் நொதி இருக்கிறது. பழுத்ததில் குறைவு, ஆனாலும் பாலைக் கெடுக்கப் போதும். அன்னாசியிலும் அதே போல ஒன்று உண்டு. அவன் சூடேறும் வரை அது பாலிலும் முட்டையிலும் வேலை பார்த்துவிடும். இந்த இரண்டையும் ஒரு கொதி விட்டு ஆற வைத்துச் சேருங்கள், அல்லது சுட்ட பிறகு மேலே வைத்துச் சாப்பிடுங்கள்.

மற்றபடி, காலண்டரைப் பார்த்துப் பழம் வாங்குங்கள் என்பேன். சித்திரை, வைகாசியில் சேலத்துக்காரர்கள் மாம்பழத்தை விட்டு வேறு எதைத் தேடுவது? சேலம் குண்டு சதைப்பற்று மிக்கது, சாறு அதிகம். அதைப் போடும் நாளில் பாலை 250 மில்லியாகக் குறைத்து, வாழைப்பழத்தையும் ஒன்றாக்குங்கள். மல்கோவாவைச் சுடாதீர்கள். அது அப்படியே சாப்பிட வேண்டிய பழம், அடுப்பில் வைத்தால் மணம் போய்விடும். பலாச்சுளை மணம் மொத்தத் தட்டையும் ஆண்டுவிடும். பிடித்தவர்கள் நான்கு சுளை போடலாம்.

ஆடி, ஆவணியில் ஏற்காட்டிலிருந்து பேரிக்காய் கூடை கூடையாக இறங்கும். தோல் தடித்து, கடித்தால் மணல் மணலாக இருக்கும் நாட்டு ரகம். அதைப் பச்சையாகச் சாப்பிட ஆளில்லாமல் கிடக்கிறது. சுட்டுப் பாருங்கள். 40 நிமிடச் சூட்டில் மணல் தன்மை அடங்கி, தேன் போல இளகிவிடும். பேரிக்காயில் இயல்பாகவே சார்பிட்டால் என்ற இனிப்பு இருக்கிறது. அது குடலுக்குள் தண்ணீரை இழுத்து மலத்தை இளக்கும். மலச்சிக்கல்காரர்களுக்கு என் முதல் தேர்வு இதுதான்.

குளிர் பிடித்ததும் கமலா ஆரஞ்சு வரும். சுளையைப் பிரிக்கும்போது வெள்ளை நாரை நோண்டி எடுக்காதீர்கள், பெக்டின் என்ற கரையும் நார் அதில்தான் இருக்கிறது. கொட்டையை மட்டும் எடுத்துவிட்டு மேலே அடுக்குங்கள். உள்ளே கலந்தால் பால் திரிந்துபோகும்.

கொய்யாதான் எல்லாவற்றுக்கும் தலை. 100 கிராமில் 5 கிராமுக்குக் குறையாத நார் உள்ள பழம் நம் சந்தையில் இவ்வளவு மலிவாக வேறு இல்லை. அதே எடை வாழைப்பழத்தில் அதில் பாதிதான். உழவர் சந்தையில் மிகவும் பழுத்துவிட்டது என்று கடைசி நேரத்தில் குறைத்துக் கொடுப்பார்களே, சுடுவதற்கு அந்தப் பழம்தான் உத்தமம். நன்றாகக் கழுவி, தோலோடு போடுங்கள். பலர் கொய்யாவைத் தோல் சீவி, விதை எடுத்து, கூழாக்கி வடிகட்டி ஊற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். எதற்காகக் கொய்யா வாங்கினோமோ அதையே குப்பையில் கொட்டுவது அது.

வாசகி, சூரமங்கலம்: என் கணவருக்குச் சர்க்கரை நோய். வெல்லம் போட்டுச் செய்து கொடுக்கலாமா?

வெல்லமும் சர்க்கரைதான் அம்மா. செவ்வாய்ப்பேட்டை மண்டியில் பார்த்துப் பார்த்து வாங்கிய கருப்பு வெல்லமானாலும் ரத்தத்தில் ஏறுவது ஏறத்தான் செய்யும். பேரீச்சையையும் விட்டுவிடுங்கள். முழுவதும் கனியாத பூவன் ஒன்று, கொய்யா, கூடுதலாக ஒரு கைப்பிடி நிலக்கடலை, ஒரு முட்டை என்று மாற்றுங்கள். துண்டைப் பாதியாக்குங்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்து எழுதி வையுங்கள். ஒரே உணவு ஒவ்வொரு உடம்பிலும் ஒவ்வொரு விதமாக ஏறும். அந்தத் தாளை அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீரகக் கோளாறும் சேர்ந்து இருந்தால் வாழைப்பழம், பேரீச்சை இரண்டிலும் பொட்டாசியம் உண்டு, மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

வாசகி, கோரிமேடு: தயிர் சேர்த்துச் சுட்டால் வயிற்றுக்கு இன்னும் நல்லது என்கிறார்கள். உண்மையா? தைராய்டு மாத்திரை போடுகிறேன், அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

தயிரில் நாம் விரும்புவது உயிருள்ள நுண்ணுயிர்களை. அவனின் சூட்டில் அவை பிழைக்காது. தயிர் சேர்த்துச் சுட்டால் மென்மை கிடைக்கும், அவ்வளவுதான். சுட்ட துண்டு வெதுவெதுப்புக்கு வந்ததும் மேலே ஒரு கரண்டி வீட்டுத் தயிரை விடுங்கள். நாரும் நுண்ணுயிரும் சேர்ந்து போகும்.

மாத்திரைக்குச் சம்பந்தம் உண்டு. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காலை உணவு. நார் மிகுந்த உணவு மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கக்கூடும் என்பதால் நீங்கள் ஒரு மணி நேரமே வைத்துக்கொள்ளுங்கள். தினசரி உணவில் இப்படிப் பெரிய மாற்றம் செய்வதை மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.

வாசகி, அழகாபுரம்: உங்கள் விடுதியில் ஐந்தாம் வகுப்பிலிருந்து படித்தவள் நான். செவ்வாய்க்கிழமைக் காலைகளில் மாடிப்படி வரை வரும் அந்தப் பட்டை வாசம் இன்னும் மறக்கவில்லை அம்மா. என் ஆறு வயது மகள் கொய்யாத் துண்டுகளை எல்லாம் பொறுக்கித் தட்டோரம் வைத்துவிடுகிறாள். என்ன செய்வது?

செவ்வாய்க்கிழமை என்று நாளைக்கூட நினைவு வைத்திருக்கிறாயே அம்மா. படித்ததும் அடுப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

ஆறு வயதுக்குக் கொய்யா விதை தொந்தரவாக இருக்கலாம். நடுவில் இருக்கும் விதைப் பகுதியைக் கரண்டியால் வழித்து எடுத்துவிடு. தோலும் சதையும் இருக்கட்டும். நிலக்கடலையையும் அவளுக்கு நன்றாகப் பொடித்தே போடு. துண்டைச் சுண்டைக்காய் அளவுக்கு நறுக்கு. பெரிதாக இருப்பதால்தான் பொறுக்க முடிகிறது. அளவு, அவள் உள்ளங்கையில் அடங்கும் ஒரு துண்டு. அதற்கு மேல் வற்புறுத்தாதே.

இன்னொன்று. விடுதியில் ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளை நான்கு நான்கு பேராகச் சமையலறைக்குள் விடுவேனே, நீயும் வந்திருப்பாய். மாவை ஊற்றிய தட்டைத் தரையில் ஒரு பலகை மேல் வைத்து, பழத் துண்டுகளைக் கிண்ணத்தில் கொடுத்து, அவரவர் மூலையில் விருப்பம் போல அழுத்தி வைக்கச் சொல்வேன். சிலர் பூ வைப்பார்கள், சிலர் தங்கள் பெயரின் முதல் எழுத்தை வைப்பார்கள். உன் மகளிடமும் கிண்ணத்தைக் கொடு. அவன் அடுப்பின் பக்கம் மட்டும் நெருங்க விடாதே. தட்டு வெளியே வந்து ஆறியதும், அவள் வைத்த மூலையை அவளுக்கே வெட்டிக் கொடு.